இருபத்து நான்கை வேண்டாம் என்றவன்

பிரிந்திசி,
2 ஏப்ரல் 1989

மிமோவுக்கு,

போனில் கேட்கலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நின்று என் வாயைப் பார்க்கிறாள். நான் ஒரு வார்த்தை பேசினால் அவள் இரண்டு வார்த்தை எடுத்துக் கொடுக்கிறாள். இப்போது கோயிலுக்குப் போயிருக்கிறாள், அந்த நேரத்தில் எழுதுகிறேன்.

ஜூலை பதினெட்டு என்று போன வாரம் அம்மாவிடம் சொன்னாயாமே, அது நிச்சயம்தானா? மிட்டாய்க் கடை ஒரோன்சோ ஒற்றைக் காலில் நிற்கிறான். விருந்தினருக்குக் கொடுக்கிற சர்க்கரை பூசிய சிவப்புப் பாதாம் இப்போதே சொல்லி வைத்தால்தான் உண்டாம். "கல்யாணத்துக்கு வெள்ளை எப்ப வேணாலும் கெடைக்கும். பட்டத்துக்குச் சிவப்பு, அதுவும் ஜூலைன்னா, ஊர்ல இருக்கிற எல்லாத் தறுதலையும் ஜூலையிலதான் பாஸ் பண்றான்" என்கிறான். ஒவ்வொரு பையிலும் சின்ன அட்டை ஒன்று கட்ட வேண்டும். மிமோ என்று இல்லாமல் கோசிமோ என்று உன் முழுப் பெயர், விமானப் பொறியாளர் என்ற பட்டம், தேதி. அம்மா இதுவரை நூற்றிருபது பெயர் எழுதியிருக்கிறாள். அதில் பாதிப் பேர் அப்பாவின் சாவுக்குக்கூட வராதவர்கள்.

சமையலறை அலமாரிக் கதவை நேற்றுத் துடைத்தாள். உள்பக்கத்தை மட்டும் தொடவில்லை. உன் மார்க்கெல்லாம் நான் பென்சிலால் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேனே, அது அழிந்துவிடுமாம். கடைசியில் வாயு இயக்கவியல், இருபத்தெட்டு. வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டுகிறாள். போன வாரம் கேஸ் சிலிண்டர் போட வந்தவனுக்கும் காட்டினாள்.

நான் நன்றாக இருக்கிறேன். பட்டறைக்கு மூன்று ஹெலிகாப்டர் சேர்ந்தாற்போல வந்திருக்கிறது, வால் பக்கம் முழுக்க ரிவிட் மாற்ற வேண்டும். காது இரண்டும் ரீங்காரம் போடுகிறது.

தேதியை உறுதி செய்து ஒரு வரி போடு.

அக்கா
தொனாத்தா

*

பீசா,
11 ஏப்ரல் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

அட்டையில் தேதி அச்சடிக்க வேண்டாம். அம்மா விடாமல் கேட்டதால் வாயில் வந்த தேதியைச் சொன்னேன். ஜூலையில் எனக்குப் பட்டம் கிடையாது.

இதைச் சுற்றி வளைத்து எழுதி மூன்று தாள் கிழித்துவிட்டேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாயு இயக்கவியலில் நான் தேறவில்லை. மற்ற எல்லாப் பாடமும் முடிந்துவிட்டது. கதவில் இருப்பதெல்லாம் உண்மை, கடைசி வரி மட்டும் பொய்.

1987 பிப்ரவரியில் அந்தத் தேர்வுக்குப் போனேன். பேராசிரியர் லாண்டூச்சி முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, "இருபத்து நாலு. ஏத்துக்கிறீங்களா?" என்றார். இங்கே வழக்கம் அப்படி. முப்பதுக்குப் பதினெட்டு எடுத்தாலே பாஸ். மார்க்கைச் சொல்லிவிட்டு நம்மைக் கேட்பார்கள். சரி என்றால் மதிப்பெண் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். வேண்டாம் என்றால் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எதுவும் நடக்காதது போல அடுத்த முறை வந்து மறுபடி உட்காரலாம். நன்றாகப் படிக்கிறவன் என்று பெயரெடுத்த எல்லோரும் ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். சொல்லாதவனைக் கொஞ்சம் இளப்பமாகத்தான் பார்ப்பார்கள்.

நான் வேண்டாம் என்றேன். வெளியே வந்ததும் நண்பர்கள் முதுகில் தட்டிக் காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த ஜூனில் மறுபடி போனேன். ஃபெயில். அடுத்த ஜனவரியில் போனேன். ஃபெயில். அதற்கடுத்த வாரம்தான் அம்மா போனில், "அந்த ஒண்ணு என்னாச்சுடா?" என்று கேட்டாள். இருபத்தெட்டு என்றேன். போன செப்டம்பரில் தேர்வுக்கூடத்தின் வாசல்வரை போய்விட்டு, உள்ளே நுழையாமல் திரும்பி வந்தேன்.

இவ்வளவுதான். அம்மாவிடம் இப்போது சொல்லாதே. ஜூலையில் இடமில்லை, தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று சொல். அப்படி நடப்பதும் உண்டு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தம்பி
கோசிமோ

*

பிரிந்திசி,
20 ஏப்ரல் 1989

கோசிமோ,

உன் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் அம்மா கொடுத்த அட்டை அச்சாகி வந்துவிட்டது. பொன்னெழுத்தில் 18 ஜூலை 1989. உன் கடிதம் வந்த அன்றைக்கே அதுவும் வந்தது. ஒரு கையில் அதையும் மறு கையில் இதையும் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அம்மா, "என்னடி, எழுத்துப் பிழையா?" என்று கேட்டாள். இல்லை, நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். நீ ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறாய். கெட்டிக்காரன்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், ஆய்வுக் கட்டுரை நன்றாகப் போகிறது, சாப்பாடு பரவாயில்லை, மழை பெய்கிறது என்று சொன்னாயே, அந்த மழையாவது பெய்ததா?

ஃபெயிலானதற்கு நான் திட்டவில்லை. ஃபெயில் ஆகாத பொறியாளன் உண்டா? ஆனால் இருபத்து நாலைக் கையில் கொடுத்தபோது வேண்டாம் என்றாயே, அதுதான் எனக்குப் புரியவில்லை. ஐந்து தடவை படித்துவிட்டேன், இன்னும் புரியவில்லை. நானாக இருந்தால் அந்த மனிதர் கையை முத்தமிட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

எங்கள் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ரிவிட் சரியாக உட்காரவில்லை என்றால் அதன் தலையில் மறுபடி அடிக்கக் கூடாது. துளைத்து எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும். ஆனால் துளைக்கிறபோது ஓட்டை கொஞ்சம் பெரிதாகிவிடும், அடுத்த ரிவிட் ஒரு சுற்றுப் பெரிதாக வேண்டும். அதுவும் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. அதற்கு மேல் தகட்டையே கழற்றி எறிய வேண்டியதுதான். அதனால் மேஸ்திரி சொல்வார், "அழகா இல்லைன்னு பிடுங்காதே, பிடிச்சிருக்கான்னு பாரு." ஆறு வருஷம் விமானம் படிக்கிற உனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லையா?

யாரிடமிருந்து வந்தது உனக்கு இந்தத் திமிர்? அப்பாவுக்கு இல்லை. அம்மாவுக்கு இல்லை. அந்தப் பாடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று உறுதியும் தரவில்லை.

தொனாத்தா

*

பீசா,
3 மே 1989

அன்புள்ள அக்காவுக்கு,

யாரிடமிருந்து வந்தது என்று கேட்டாய். உன்னிடமிருந்துதான்.

1983 அக்டோபர், பிரிந்திசி ரயில் நிலையம், இரண்டாவது நடைமேடை. நீ வேலை உடையோடு வந்திருந்தாய். ஜன்னல் வழியாகத் தரல்லி பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் சேத்துப் படிடா. இருபத்தேழுக்குக் கீழ எதுவும் கதவுல ஏறாது, சொல்லிட்டேன்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் முதல் வருஷம் வரைபடப் பாடத்தில் நான் இருபத்தாறு எடுத்தபோது நீ எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து கதவைத் திறந்து பார்த்தேன். அந்த வரி காலியாக இருந்தது. இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.

உன்மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை. லாண்டூச்சி இருபத்து நாலு என்றபோது எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வந்தது. அதையும் நடந்தபடியே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பாடத்தில் என்ன இருக்கிறது என்றால், ஒரே ஒரு விஷயம்தான். வாய்க்கால் குறுகினால் தண்ணீர் வேகமாக ஓடும். காற்றும் அப்படித்தான். ஆனால் ஒலியைவிட வேகமாக வருகிற காற்றைக் குறுகலில் விட்டால் அதன் வேகம் குறைந்துவிடும். வேகம் கூட வேண்டுமென்றால் வழி அகலமாக வேண்டும். அந்த வேகத்தில் காற்றின் அடர்த்தி, வேகத்தைவிடச் சீக்கிரமாக மாறுகிறது, அதுதான் காரணம். சின்ன வயதிலிருந்து தண்ணீரைப் பார்த்து நமக்கு ஒரு புத்தி வந்திருக்கிறது இல்லையா, அது இங்கே உதவாது. லாண்டூச்சி அந்தப் புத்தி யாரிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் தேடுவார்.

ஜூனில் நான் உட்காரப் போவதில்லை. இன்னும் தயாராகவில்லை. செப்டம்பர் 26, செவ்வாய், காலை ஒன்பது மணிக்கு அடுத்த தேர்வு. அதில் முடித்துவிடுவேன். அதுவரை அம்மாவைச் சமாளித்துக்கொள்.

கோசிமோ

*

பிரிந்திசி,
19 ஜூன் 1989

கோசிமோ,

சொல்லிவிட்டேன். ஜூலையில் கூட்டம் அதிகம், இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்று. அம்மா சரி என்றாள். பாதாமையும் அட்டையையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி பீரோ மேல் வைத்துவிட்டாள்.

ஒரு தடவை உனக்காகப் பொய் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்ல மாட்டேன்.

இருபத்தாறு விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது. கதவைத் திறந்து பார்த்தேன். நீ சொன்னது சரிதான்.

தொனாத்தா

*

பீசா,
27 செப்டம்பர் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று முடிந்தது. தேறவில்லை.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் கேள்வியிலேயே லாண்டூச்சிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. கார் டயரில் ஆணி குத்தினால் காற்று என்ன வேகத்தில் வெளியே வரும் என்று கேட்டார். சின்னப் பையனிடம் கேட்கிற கேள்வி. நான் சொல்லி முடிப்பதற்குள், "போதும், அடுத்த தடவை வாங்க" என்று புத்தகத்தைத் தள்ளிவிட்டார். அவருக்கு என்மேல் பழைய கோபம் இருக்கலாம். முன்பு மார்க்கை வேண்டாம் என்று சொன்னவர்களை அவர் மறப்பதில்லை என்று சொல்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது பிப்ரவரியில். அம்மாவிடம் வசந்த காலம் என்று சொல். ஆய்வுக் கட்டுரைக்கு, விமான மாதிரிகளைச் சோதிக்கிற காற்றுச் சுரங்கத்தில் இடம் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். அது பாதி உண்மை.

இங்கே மழை.

கோசிமோ

*

பிரிந்திசி,
5 அக்டோபர் 1989

மிமோ,

நான் அங்கே இருந்தேன்.

நான்காவது வரிசை, இடது ஓரம். எனக்கு முன்னால் தடியாக ஒருவன் உட்கார்ந்திருந்தான், அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். வாய்த்தேர்வை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்று முன்பு ஒரு கடிதத்தில் நீதான் எழுதியிருந்தாய். பட்டறையில் இரண்டு நாள் லீவு சொன்னேன். அம்மாவிடம் பாரி நகரத்தில் பல் வைத்தியரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். பொய் சொல்ல மாட்டேன் என்று எழுதிவிட்டு அதற்குள் இரண்டாவது பொய். உன்னைத் தெரியாமல் பார்த்துவிட்டு, நீ தேறியதும் படியில் இறங்கி வந்து பயமுறுத்தலாம் என்று இருந்தேன். பையில் தரல்லி வைத்திருந்தேன்.

கால் மணி நேரம் என்று எழுதியிருக்கிறாய். ஐம்பது நிமிஷம். சுவர்க் கடிகாரம் என் எதிரிலேயே இருந்தது.

முதலில் கேட்டது டயர் இல்லை. குறுகலில் போகிற காற்றைத்தான் கேட்டார். மே மாதம் நீ எனக்கு எழுதினதையே சொன்னாய், கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்புறம்தான் டயர். நீ கரும்பலகையை நிரப்பினாய், அழித்தாய், மறுபடி நிரப்பினாய். என் பக்கத்திலிருந்த பெண், "ஒலியோட வேகம்தான், சொல்லித் தொலையேன்டா" என்று பல்லைக் கடித்தாள். எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் ஓட்டையில் காற்று அந்த வேகத்தைத் தாண்டாதாம். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, உனக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் எரிச்சல்படவே இல்லை, மிமோ. "சுத்தி வளைக்காதீங்க. ஒரே வார்த்தைதான் வேணும்" என்றார். கடைசியில் அவரே சொல்லிவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு, "இருபத்திரண்டு. ஏத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.

நீ, "இல்லை, சார்" என்றாய்.

பக்கத்துப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவனுக்கென்ன கிறுக்கா? இந்த ஆளுகிட்ட இருபத்திரண்டுன்னா தங்கம். என்னை மூணு தடவை துரத்தியிருக்காரு." "நீங்க யாரு? அவனுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள். "இல்லை, சாய்ந்த கோபுரம் பார்க்க வந்தேன்" என்றேன். நீ மறு கதவு வழியாகப் போய்விட்டாய். நான் உன் பின்னால் வரவில்லை. வந்திருந்தால் நடுத்தெருவில் உன்னை அறைந்திருப்பேன்.

கோபுரம் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டதால் கோபுரத்துக்கே போனேன். பட்டம் வாங்குமுன் அதில் ஏறினால் பட்டம் கிடைக்காது என்று நீங்கள் யாரும் ஏற மாட்டீர்களே. எனக்கென்ன? நான் ஏறினேன். ஏறும்போது ஒரு பக்கம் கால் கனக்கிறது, மறு பக்கம் யாரோ தள்ளுகிற மாதிரி இருக்கிறது. மேலே நின்று அழுதேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. முதலில் எனக்காகத்தான் அழுதேன். தொழிற்பள்ளியில் கணக்கில் நான் உன்னைவிட மேல், அது உனக்கும் தெரியும். அப்பா போனார், பட்டறையில் ஆள் எடுத்தார்கள், போனேன். அதைப் பற்றி நான் ஒரு நாளும் மூச்சுவிட்டதில்லை. ஆனால் கதவில் உன் மார்க்கை எழுதும்போது என் மார்க்கை எழுதுவது போலத்தான் எழுதினேன். அதனால்தான் இருபத்தாறை எழுதவில்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபத்திரண்டை வேண்டாம் என்றது நான் இல்லை. அந்த மனிதர்மேல் பழி போட்டு எனக்குக் கடிதம் எழுதியதும் நான் இல்லை.

திரும்பி வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை. "இருபத்திரண்டுன்னா எத்தனைக்கு?" என்றாள். முப்பதுக்கு என்றேன். "நம்ம கண் டாக்டர் அதைவிடக் கம்மியாத்தான் வாங்கியிருப்பான், அவன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. அவன்கிட்ட நான் கண்ணைக் காட்டலையா?" என்றாள்.

இனி ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாதே. என்ன சொல்வது என்று உனக்குத் தெரிந்த பிறகு எழுது.

தொனாத்தா

*

பீசா,
9 ஜனவரி 1990

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. நீ அனுப்பிய பொட்டலம் வந்தது. அதில் கடிதம் இருக்குமா என்று அடியில்வரை தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோபுரத்தை மூடிவிட்டார்கள். மிகவும் சாய்ந்துவிட்டதாம், இனி யாரையும் ஏற விட மாட்டார்களாம். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறு வருஷமாகத் தினம் அதைக் கடந்துதான் போய் வந்தேன். பட்டம் வாங்கிய அன்று ஏற வேண்டும் என்று வைத்திருந்தேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் ஏறிவிட்டார்கள்.

நீ எழுதியது எல்லாம் சரி. ஐம்பது நிமிஷம். இருபத்திரண்டு. லாண்டூச்சி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஏன் அப்படி எழுதினேன் என்றால், ஃபெயில் என்பது நம் மேல் வந்து விழுவது. வேண்டாம் என்று சொன்னது நானாகச் செய்தது. முதலாவதை எழுதுவது சுலபமாக இருந்தது.

ஏன் வேண்டாம் என்றேன் என்று கேட்பாய். இதற்குக் கதவு காரணமில்லை. இருபத்து நான்கை வேண்டாம் என்றவன் இருபத்திரண்டை எப்படி வாங்குவது? வாங்கினால் மூன்று வருஷம் வீண் என்று ஆகிவிடும். வாங்காதவரை இன்னும் ஆகவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இது நல்ல கணக்காகத் தெரிந்தது. எழுதிப் பார்த்தால் கிறுக்குத்தனமாக இருக்கிறது. நீ அங்கே இருந்தாய் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். வெட்கம் வர ஒரு வாரம் ஆனது.

தேர்வு பிப்ரவரி 13. மேலே ஏறினால் என்ன தெரிந்தது என்று எழுது. நான் இனிப் பார்க்க முடியாது.

கோசிமோ

*

பிரிந்திசி,
18 ஜனவரி 1990

மிமோ,

மேலே பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டுக் கூரைகள், ஆறு, தூரத்தில் மலை, ஒரு வீட்டு மாடியில் துணி காயப் போட்டிருந்தார்கள். ஒரு ஜெர்மன்காரர் மனைவியைப் படமெடுத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இதற்காகவா ஆறு வருஷம் ஏறாமல் இருந்தாய்? சுற்றுலா வந்தவன்கூட ஏறிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

பிப்ரவரியில் நான் வர மாட்டேன். லீவு இருக்கிறது, ஆனாலும் வர மாட்டேன். நான் இருக்கிறேன் என்று தெரிந்து நீ வாங்கினால் அது எனக்காக வாங்கியதாகிவிடும். எனக்காக நீ வாங்கியதும் வேண்டாம் என்றதும் போதும்.

பதினெட்டு என்றாலும் பாஸ்தானே? அம்மா கேட்கச் சொன்னாள்.

தொனாத்தா

*

பீசா,
14 பிப்ரவரி 1990

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இந்த முறை சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கேட்கலாம். மூன்று தடவை துரத்தப்பட்டவள் என்று நீ எழுதியதுமே யாரென்று தெரிந்துவிட்டது. அவள் எனக்கு முன்னால் போனாள். பத்தொன்பது வாங்கினாள். நாற்காலியைவிட்டு எழுந்திருக்கும்போது பையைக் கீழே போட்டுவிட்டு, பொறுக்காமலே வெளியே ஓடினாள்.

நான் உட்கார்ந்ததும் லாண்டூச்சி முதல் கேள்வியாக டயரையே கேட்டார். "ஒலியின் வேகம்" என்றேன். "பாருங்க, ஒரே வார்த்தைதான்" என்றார். அப்புறம் விமானத்தின் மூக்குக்கு முன்னால் உருவாகும் அதிர்ச்சி அலையைப் பற்றிக் கேட்டார். அதைப் போன முறை நன்றாகச் சொல்லியிருப்பேன். நேற்று இரண்டு இடத்தில் குளறினேன். ஒரு சமன்பாட்டைத் தலைகீழாக எழுதி, அவர் விரலால் காட்டிய பிறகுதான் பார்த்தேன். மூன்று வருஷம் ஒரே பாடத்தைப் படித்தால் கூடிக்கொண்டே போகும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் தேய்கிறது. ரிவிட் ஓட்டையைப் பற்றி நீ எழுதியது சரிதான்.

பேனாவை எடுத்துக்கொண்டு, "பதினெட்டு" என்றார். உடனே கேட்கவில்லை. புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டினார். முப்பது, இருபத்தெட்டு, முப்பது. "மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் உங்களுக்கு எவ்வளவு சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?" என்றார். இருபத்து நாலு என்றேன். "எனக்கும் ஞாபகம் இருக்கு" என்றார். பிறகுதான், "ஏத்துக்கிறீங்களா?"

நான் திரும்பி நான்காவது வரிசையைப் பார்த்தேன். வர மாட்டேன் என்று நீ எழுதியிருந்தும் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒருவன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

சரி என்றேன். எழுதினார். கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். வெளியே வந்ததும் யாரும் முதுகில் தட்டவில்லை. நானே போய்க் காபி குடித்தேன். நன்றாக இருந்தது.

ஆய்வுக் கட்டுரை ஜூனில் முடியும். பட்டம் ஜூலையில், இந்தத் தடவை உண்மையாகவே. முதல் தரத்துக்கு வாய்ப்பில்லை. கதவில் இதை எழுத வேண்டாம். அந்த இருபத்தெட்டை மட்டும் அழித்துவிடு. இருபத்தாறைப் போல இதுவும் காலியாக இருக்கட்டும்.

தம்பி
மிமோ

*

பிரிந்திசி,
24 பிப்ரவரி 1990

அன்புள்ள மிமோவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல் படித்தேன், அந்த ரொட்டி தின்றவன் உட்பட. பதினெட்டு என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மேலே படி என்றாள்.

பிஸ்கட் டின் பீரோவிலிருந்து கீழே இறங்கிவிட்டது. பாதாம் கல்லாகியிருக்கிறது. புதிதாக வாங்கலாம் என்றேன். "எதுக்கு? என் பையன் லேட்டா வந்த மாதிரி பாதாமும் லேட்டா வருது. பல்லு இருக்கிறவன் கடிக்கட்டும்" என்கிறாள். அட்டையையும் மாற்ற விடவில்லை. மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நூற்றிருபது அட்டையிலும் 1989-ஐ நீலப் பேனாவால் அடித்து 1990 என்று எழுதுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. பதினெட்டாம் தேதியே கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னாள், தேதியையும் திருத்தக் கை வலிக்குமாம்.

இனி கதவு விஷயம். இருபத்தாறை எழுதிவிட்டேன், ஆறு வருஷம் தாமதமாக. நீ சொன்னபடி இருபத்தெட்டை அழிக்க ரப்பரை எடுத்தேன். அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, இருபத்தெட்டுக்குப் பக்கத்திலேயே, அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக, 18 என்று எழுதினாள். இரண்டும் இப்போது ஒரே வரியில் இருக்கின்றன.

"ரெண்டு இருந்தா பாக்கிறவங்க கேப்பாங்களேம்மா" என்றேன்.

"கேக்கட்டும். வீட்டுக்குத்தானே வர்றான்? அவனே பதில் சொல்லட்டும்" என்றாள்.

கேஸ் சிலிண்டர்காரன் நேற்று வந்தான். கதவைத் திறந்து காட்டினாள். அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல எதும்மா சரி?" என்று கேட்டான். ஜூலையில் வா, சொல்வான் என்று அவனையும் பட்டியலில் சேர்த்துவிட்டாள். நூற்றிருபத்தொன்று.

அக்கா
தொனாத்தா